வீட்டில் சேர்ந்துவிட்ட பொருள்களைச் சிறுகச் சிறுகக் குறைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நடுத்தரக் குடும்பத்து வீட்டுப் பரண் ஒன்றில் கையை விட்டால் வெளியே வருபவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா, என்றோ நின்றுபோன மிக்ஸியின் ஜார், டிவி வாங்கியபோது வந்த தெர்மாகோல், பிள்ளைகளின் ஒன்றாம் வகுப்பு நோட்டுகள், கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்து இன்னும் பிரிக்கப்படாத சுவர்க் கடிகாரம். இவற்றில் எதையும் திட்டமிட்டுச் சேர்த்தவர் இல்லை. ஒவ்வொன்றும் கைக்கு வந்த நாளில் ‘இதை என்ன செய்வது’ என்ற கேள்விக்கு விடை சொல்லாமல், ‘இப்போதைக்கு மேலே போட்டு வை’ என்று தள்ளிப்போட்டதால் சேர்ந்தவை அவை. இடம் போதாததால்தான் வீடு அடைசலாகிறது என்று நினைத்து இன்னொரு பீரோவும் இன்னொரு பரணும் அமைப்பவர்கள், சில ஆண்டுகளில் அவற்றையும் நிரப்பிவிடுவதைப் பார்க்கிறோம். உண்மையில் அங்கே அடுக்கப்பட்டிருப்பவை எடுக்கப்படாத முடிவுகள். எனவே இந்த வழிகாட்டி முடிவெடுக்கும் பழக்கத்தை எளிய பொருள்களில் தொடங்கிக் கடினமான பொருள்கள் வரை வளர்த்துக்கொள்வதைப் பற்றியதாக இருக்கும்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீட்டையே புரட்டிப்போட்டு முடித்துவிடலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே கைவிட வேண்டும். பரணில் இருந்தவை எல்லாம் கூடத்துக்கு இறங்கிய பிறகு, நூற்றுக்கணக்கான பொருள்களைப் பற்றி ஒரே நாளில் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பகலுக்குள் மனம் சலித்துவிடும். மாலையில் சாப்பிட உட்கார இடமில்லாமல் போகும். இரவில் எல்லாம் மறுபடியும் மேலே ஏறும். அதைவிட மோசமானது, சலிப்பில் எடுக்கும் முடிவில் வீட்டுவரி ரசீது பழைய பேப்பரோடு போய்விடுவதும், அதனால் எழும் சண்டையில் ‘இனி என் பொருளை யாரும் தொடக்கூடாது’ என்று வீட்டில் ஒருவர் உறுதியாகச் சொல்லிவிடுவதும். ஆறு மாதமோ ஓராண்டோ எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்வதுதான் நிலைத்து நிற்கும்.

தொடங்கும் முன்: எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

பொருள் சேர்ப்பது எல்லாமே குறையாகிவிடாது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளில் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் அழைப்பிதழ்களையும் ஏறத்தாழ ஒரு லட்சம் அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவர் சேர்த்தவற்றுக்கு ஒரு நோக்கமும் ஒழுங்கும் இருந்தன; தேடியதை எடுக்க முடிந்தது; பராமரிப்பும் இருந்தது. உங்கள் வீட்டுப் பொருள்களைப் பற்றியும் இந்தக் கேள்விகளையே கேட்டுப் பாருங்கள்: இது எங்கே இருக்கிறது என்று தெரியுமா, வேண்டும்போது எடுக்க முடிகிறதா, கெடாமல் இருக்கிறதா?

இம்மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால் அது வெறும் குவியல். பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான்; இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் அவர்களுக்கே. இதற்கும் அப்பால், படுக்கையில் படுக்க முடியாமலும் அடுப்பில் சமைக்க முடியாமலும் போகும் அளவுக்குப் பொருள் நிறைந்து, ஒரு காலி டப்பாவை எடுத்தாலே கடும் மன வேதனை ஏற்படுகிறது என்றால் அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம். அதைப் பற்றிப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

கையில் எதையும் எடுக்கும் முன் கைப்பேசியால் ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குவியல் தெரிவதில்லை, படத்தில் தெரியும். மூன்று மாதம் கழித்து மனம் தளரும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் அதே படங்கள் உதவும்.

படி 1: ஆபத்தானவற்றை முதலில் அகற்றுங்கள்

அழகு பிறகு வரட்டும். உயிருக்கு ஆபத்தான இடங்கள் முதலில். படுக்கையறையிலிருந்து வாசல் வரை இரவில் விளக்கில்லாமல் நடந்தாலும் கால் தடுக்காத அளவுக்குப் பாதை இருக்க வேண்டும், குறிப்பாக முதியவர்கள் இருக்கும் வீட்டில். கேஸ் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் அருகில் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், துணி எதுவும் இருக்கக்கூடாது. மின்மீட்டர் பெட்டிக்கும் இன்வெர்ட்டருக்கும் முன்னால் சாய்த்து வைத்திருக்கும் பாய்களையும் ஒட்டடைக் கம்பையும் எடுத்துவிடுங்கள். பரணின் விளிம்பில் நிற்கும் கனமான பாத்திரங்களை உள்ளே தள்ளுங்கள், அல்லது இறக்கிவிடுங்கள்.

பின்கட்டு, மொட்டைமாடி, பால்கனி ஆகிய மூன்றும் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. உடைந்த வாளி, பழைய டயர், செடி காய்ந்துபோன தொட்டி, கொட்டாங்கச்சி ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். எனவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பாக மொட்டைமாடியை முடித்துவிடுவது நல்லது.

படி 2: வரவை நிறுத்துங்கள்

பொருளைக் கழிக்கத் தொடங்குவதற்கு முன் புதிதாக வருவதைத் தடுக்காவிட்டால் உழைப்பு வீணாகும். முதல் மாதம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் தகும். ஒரு குறிப்பேட்டில், வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும் அது எந்த வழியாக வந்தது என்பதையும் எழுதி வாருங்கள். விரும்பி வாங்கியவற்றுக்குச் சமமாகத் தானாக வந்தவையும் இருப்பது தெரியவரும்: கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, நவராத்திரி கொலுவில் கொடுத்த பிளாஸ்டிக் கிண்ணம், துணிக்கடைக் கட்டைப்பை, ஓட்டலில் வாங்கிய குழம்பு வந்த கறுப்பு டப்பா, இணையத்தில் வாங்கியதோடு வந்த அட்டைப்பெட்டி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் வந்த இரண்டாவது பாட்டில்.

இவற்றில் சிலவற்றை வாசலிலேயே நிறுத்தலாம். வண்டிப் பெட்டியிலும் கைப்பையிலும் மடித்த துணிப்பை ஒன்று எப்போதும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மஞ்சப்பையை மீட்கும் அரசின் இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பையோடு கடைக்குப் போகிறவர் இப்போது வழக்கத்துக்கு மாறானவர் அல்லர். உங்கள் வீட்டு விசேஷங்களில் நீங்கள் கொடுக்கும் ‘ரிட்டர்ன் கிஃப்ட்’டையும் மாற்றுங்கள். பூச்செடி, தேன், வெல்லம், நாட்டு மஞ்சள் போல வளர்வதோ தின்று தீர்வதோ கொடுத்தால் இன்னொருவர் வீட்டுப் பரணுக்கு நீங்கள் பாரம் ஏற்ற மாட்டீர்கள்.

விரும்பி வாங்குபவற்றுக்கு ஒரு விதி போதும். அவசியப் பொருளைத் தவிர வேறு எதுவானாலும் தேதியோடு எழுதி வைத்து முப்பது நாள் கழித்து வாங்குங்கள். ஆடித் தள்ளுபடி போய்விடுமே என்ற பதற்றம் வரும். முப்பது நாள் கழித்து அந்தப் பொருளின் பெயரே நினைவில் இல்லாமல் போவதையும் காண்பீர்கள்.

படி 3: நாளுக்குப் பதினைந்து நிமிடம், ஒரு சிறு இடம்

சமையலறை முழுவதும் என்று திட்டமிடாமல் சமையலறையின் ஒரு இழுப்பறை என்று திட்டமிடுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் முடிந்ததும், மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்று இழுத்தால் மறுநாள் தொடங்க மனம் வராது.

மூன்று பைகள் வைத்துக்கொள்ளுங்கள்: குப்பைக்கு, கொடுக்க அல்லது விற்க, வேறு அறைக்குப் போக வேண்டியவற்றுக்கு. நான்காவதாக ஓர் அட்டைப்பெட்டி, முடிவெடுக்க முடியாதவற்றுக்கு. அந்தப் பெட்டியை ஒட்டி மேலே தேதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் அதைத் திறக்கத் தேவை ஏற்படாவிட்டால், உள்ளே இருப்பது உங்களுக்கு வேண்டாதது என்று காலமே சொல்லிவிட்டது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு பெட்டிதான் இருக்க வேண்டும். இரண்டாவது பெட்டி வந்துவிட்டால் பழைய பழக்கம் புதிய வடிவில் திரும்பிவிட்டது என்று பொருள்.

அழகான கூடைகளும் அடுக்குப் பெட்டிகளும் வாங்கி வந்து இந்த வேலையைத் தொடங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குறைத்து முடித்த பிறகு அவற்றில் பாதிகூடத் தேவைப்படாது.

படி 4: எளியதிலிருந்து கடினமானதை நோக்கி

வரிசை முக்கியம். மனப்பற்று இல்லாத பொருள்களில் தொடங்கிப் பழகிய கைதான் பின்னர் அம்மாவின் புடவையைப் பற்றி முடிவெடுக்கும் தெளிவைப் பெறும்.

*சமையலறை.* கதவின் பின்னால் ஆணியில் தொங்கும் ‘கவருக்குள் கவர்’ பையிலிருந்து தொடங்கலாம். அதைத் தரையில் கொட்டுங்கள். உப்பிப் பிசுபிசுப்பாகிவிட்டவை, கைப்பிடி அறுந்தவை, மீன் வாங்கி வந்து கழுவி வைத்தவை ஆகியவற்றை ஒதுக்கி, நல்லவற்றில் பதினைந்தை மட்டும் மடித்து ஒரு சிறு டப்பாவில் அடுக்குங்கள். இனி அந்த டப்பா கொள்வதுதான் அளவு. அளவை எண்ணிக்கையால் நினைவில் வைப்பதைவிட ஒரு பாத்திரத்தால் வரையறுப்பது எளிது. இந்த முறை வீடு முழுவதற்கும் பொருந்தும். அடுத்து மூடி இல்லாத டப்பாக்களும் டப்பா இல்லாத மூடிகளும். பிறகு மளிகை: வண்டு விழுந்த ரவை, காலாவதியான பாயசப் பொட்டலம், மணம் போன சோம்பு. புதிதாக வாங்குவதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் நகர்த்தும் வழக்கம் இருந்தால் இந்த வேலை மறுபடி தேவைப்படாது.

*மருந்துப் பெட்டி.* தேதி முடிந்த மாத்திரைகளையும், பாதி குடித்து வைத்த ஆன்டிபயாடிக் மருந்தையும், திறந்து ஒரு மாதத்துக்கு மேலான கண் சொட்டுமருந்தையும் ஒதுக்குங்கள். ‘போன தடவை இதே காய்ச்சலுக்குத்தானே கொடுத்தார்’ என்று மீதி ஆன்டிபயாடிக்கை வைத்திருப்பது உடலுக்குக் கேடு. கழிவறையில் கொட்ட வேண்டாம், அது நீரில் கலக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளோடு கலந்து மூடிய பையில் இட்டு, குழல் விளக்கு, பாதரசத் தெர்மாமீட்டர் போன்றவற்றோடு வீட்டு அபாயக் கழிவாகத் துப்புரவுப் பணியாளரிடம் தனியே சொல்லிக் கொடுங்கள்.

*துணிமணி.* பீரோவிலுள்ள துணிகளை எல்லாம் ஒரே நாளில் கட்டிலில் கொட்டாமல் வகைவகையாகப் பாருங்கள்: ஒரு நாள் துண்டுகள், ஒரு நாள் உள்ளாடைகள், ஒரு நாள் சட்டைகள். எதை உடுத்துகிறோம் என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு. துவைத்து மடித்த துணிகளை எப்போதும் அடுக்கின் இடது பக்கமே வையுங்கள். சில மாதங்களில் தொடாத துணிகள் தாமாகவே வலக்கோடிக்கு ஒதுங்கிவிடும். மெலிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருப்பதில் மிகப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பட்டுப்புடவை தனிக் கதை. பழைய ஜரிகையில் வெள்ளி இருப்பதால் கிழிந்த பட்டையும் விலைக்கு எடுப்பவர்கள் உண்டு. அதனாலேயே வாசலில் வருபவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்காமல் இரண்டு கடைகளில் விசாரித்து விற்பது நல்லது. மடிப்புகளில் பட்டு விட்டுப்போகாமல் இருக்க, வைத்துக்கொள்பவற்றை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மடிப்பு மாற்றி, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

எந்தத் துணியையும் வெளியே கொடுக்கும் முன் உதறிப் பார்க்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் புடவை மடிப்பிலும் அரிசிப் பானையிலும் தலையணை உறைக்குள்ளும் பணம் வைத்துப் பழகியவர்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி செல்லாமல் ஆக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் அதன் பிறகு எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வெளிவந்திருக்கின்றன. சேர்த்தது எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலை எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

*பாத்திரங்கள்.* நம் வீடுகளில் மிகக் கடினமான பகுதிகளில் இது ஒன்று, ஏனெனில் பாத்திரத்தில் பெயர் இருக்கிறது. எவர்சில்வர் தூக்குச்சட்டியின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் கொடுத்தவர் பெயரும் விசேஷத்தின் நாளும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும்; அந்த அத்தை இப்போது உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். இப்படிச் செய்து பாருங்கள். ஒரே வகையைச் சேர்ந்தவற்றை ஓரிடத்தில் கூட்டுங்கள், எல்லாச் சொம்புகளும் ஒன்றாக, எல்லாத் தாம்பாளங்களும் ஒன்றாக. வீட்டில் நால்வர் இருக்க இருபத்தாறு டம்ளர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தபின் வாதம் தேவைப்படாது. பெயர் வெட்டியவற்றில் அன்றாடம் புழங்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்து, பெயர் இல்லாத கடைப் பாத்திரத்துக்குப் பதிலாக அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அத்தை கொடுத்த சொம்பில் தினமும் தண்ணீர் குடிப்பது அதைப் பரணில் கறுக்கவிடுவதைவிட அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

பித்தளையும் செம்பும் எடைக்கு நல்ல விலை பெறும். பாத்திரக் கடைகள் பழையதை எடைபோட்டு எடுத்துக்கொண்டு புதியது தருவது வழக்கம். வீட்டிலேயே ஒருமுறை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். பித்தளைப் பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுப்பதாக இருந்தால் ஈயம் (அதாவது வெள்ளீயம்) பூசிய பிறகே எடுக்க வேண்டும். பூசாத பித்தளையில் புளி, தயிர், எலுமிச்சை பட்டால் களிம்பு இறங்கும்.

*காகிதங்கள்.* மெதுவாகச் செய்ய வேண்டிய இன்னொரு பகுதி. வீடு, நிலப் பத்திரங்கள், மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றுகள், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை ஆகியவை என்றென்றும் வைக்க வேண்டியவை. இவற்றுக்கு ஒரே கோப்பு, ஒரே இடம், வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்த இடம். சொத்து வரி ரசீதுகளையும் வைத்துக்கொள்வது நல்லது, பெயர் மாற்றத்தின்போது கேட்பார்கள். வருமான வரிக் கணக்குக்கான சான்றுகளை எட்டு ஆண்டுகளாவது வைத்திருந்தால் கவலை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டண ரசீதை ஓராண்டுக்கு மேல் சேர்ப்பதில் பயனில்லை. நின்றுபோன பொருள்களின் கையேடுகள், பழைய நாள்காட்டிகள், விளம்பரத் தாள்கள் உடனே போகலாம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கடைகளில் தரும் வழவழப்பான பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சானது. ஓரிரு ஆண்டுகளில் எழுத்து மங்கி வெற்றுத்தாளாகிவிடும். பத்திரமாக வைத்த உத்தரவாத ரசீதை எடுக்கும் நாளில் அதில் ஒன்றும் இருக்காது. வாங்கிய அன்றே நகலோ படமோ எடுத்து வையுங்கள். ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் நகல்களைப் பழைய பேப்பரோடு போடாமல் கிழித்து நனைத்துக் கூழாக்கிவிடுங்கள். கட்டுக்கட்டாக இருக்கும் மிகப் பழைய இதழ்கள், சிறுவெளியீடுகள், நாடக நோட்டீஸ்கள் கிடைத்தால் எடைக்குப் போடும் முன் ஆராய்ச்சி நூலகம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சியும் கரையானும் அரித்த பிறகு அவற்றை யாராலும் மீட்க முடியாது.

*மின்சாதனங்கள்.* 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் இன்றும் எத்தனையோ வீடுகளில் மூலையில் நிற்கின்றன. பழைய டிவிக் குழாயின் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. செம்புக் கம்பிக்காக அதை உடைப்பவர்களுக்கும் அந்த இடத்து மண்ணுக்கும் அது நஞ்சு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாகவே இவை அகற்றப்பட வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்திலோ, சென்னையானால் மாநகராட்சியின் 1913 எண்ணிலோ கேட்டு, கொடுக்க வேண்டிய இடத்தை அறியலாம். பழைய கைப்பேசியிலிருந்து சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து, உள்ளே உள்ளவற்றை முழுமையாக அழித்த பிறகே கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. காகிதமும் துணியும் இல்லாத இடத்தில் மணல் போட்ட இரும்புச் சட்டியில் வைத்து விரைவில் ஒப்படைக்க வேண்டும்.

படி 5: பொருள் வீட்டை விட்டு வெளியேறும் நாள்

கழித்தவை மூட்டையாகிக் கதவருகில் மாதக்கணக்கில் நிற்பதுதான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கும் இடம். நின்றிருக்கும் மூட்டையை யாராவது பிரிப்பார்கள், ஒவ்வொன்றாக உள்ளே திரும்பும். ஆகவே மாதத்தில் ஒரு நாளை வெளியேற்றும் நாளாக வைத்து, எது யாரிடம் போகும் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். செய்தித்தாளும் இரும்பும் பழைய பேப்பர் கடைக்கு. பயன்படுத்தக்கூடிய துணி ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அல்லது, வேண்டாததை ஒருவர் வைத்துவிட்டுப் போகவும் வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும் திருநெல்வேலியில் தொடங்கப்பட்டதைப் போன்ற அன்புச் சுவர்களுக்கு. பள்ளிப் புத்தகங்கள் அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு.

கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நாம் உடுத்தத் தயங்கும் கிழிசலையும் கறையையும் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் மூட்டை கட்டிக் கொடுப்பது கொடையாகாது. அவர் மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டு, எறியும் வேலையையும் சுமப்பார். ‘உங்களுக்கு இதில் எது வேண்டும், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாததை நானே அப்புறப்படுத்துகிறேன்’ என்று கேட்பதே முறை.

படி 6: நினைவுப் பொருள்கள்

இதைக் கடைசியில்தான் தொட வேண்டும். இறந்தவரின் உடைமைகள் என்றால், குறைந்தது முதலாண்டுத் திதி முடியும் வரை அவசரப்படத் தேவையில்லை. தொடங்கும்போது, எதை எறிவது என்று கேட்காமல் எதை வைத்துக்கொள்வது என்று கேளுங்கள். அப்பாவின் முப்பது சட்டைகளில் அவரை அவராகவே நினைவூட்டும் ஒன்று இருக்கும். அவருடைய மூக்குக்கண்ணாடி, கைப்பட எழுதிய கணக்கு நோட்டு. இவற்றை ஒரு பெட்டியில் மதிப்போடு வைத்து, மற்ற சட்டைகளை உறவில் உடுத்தக்கூடியவர்களுக்குக் கொடுக்கலாம். பிள்ளைகளின் ஓவியங்களைப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், பெற்றோர் நினைப்பதைவிடக் குறைவாகவே அவர்கள் வைத்துக்கொள்வார்கள். புகைப்படங்களின் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுத, அவற்றை அறிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார வேண்டும்.

படி 7: வீட்டில் இன்னொருவர் சேர்ப்பவராக இருந்தால்

அவர் ஊருக்குப் போயிருக்கும்போது அவருடைய பொருளை எறிவது எந்தக் காரணத்தாலும் சரியாகாது. அன்று வீடு சுத்தமாகும், ஆனால் நம்பிக்கை போய்விடும். பிறகு அவர் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வார். ரேஷன் கடை வரிசையும் பற்றாக்குறையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில் உண்மையிலேயே செல்வமாக இருந்தது. அந்தச் சிக்கனத்தால்தான் பிள்ளைகள் படித்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

பேசும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இந்தக் குப்பையை எல்லாம் எதுக்கும்மா வெச்சிருக்க?’ என்று கேட்டால் வாசல் அடைபட்டுவிடும். ‘அம்மா, இந்த அண்டா எந்தக் கல்யாணத்துக்கு வாங்கினது?’ என்று கேட்டு, அவர் சொல்லும் கதையை முழுதும் கேட்டுவிட்டு, ‘இது யார் வீட்டுக்குப் போனா நல்லா இருக்கும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பொருள் யாருக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை தம்மிடம் இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலான பெரியவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். அவர் இன்னும் விட விரும்பாதவற்றை அவருடைய அறையில் அப்படியே இருக்க விடுங்கள். பொது இடங்களை மட்டும் பேசி முடிவு செய்யுங்கள்.

படி 8: ‘இருக்கட்டும், உதவும்’ என்ற எண்ணத்தை எதிர்கொள்ளுதல்

பழக்கம் மாறுவது இந்த இடத்தில்தான். தனக்குச் சொந்தமாகிவிட்டது என்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பை மனம் கூட்டிவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பிக் கோப்பை கையில் கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. கோப்பை அவர்களிடம் இருந்தது சிறிது நேரம்தான். நாம் பல்லாண்டுகளாக வைத்திருப்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எனவே ‘இதை எறியலாமா’ என்று கேட்காமல், ‘இது என்னிடம் இல்லாதிருந்தால் இன்று காசு கொடுத்து வாங்குவேனா’ என்று கேளுங்கள்.

‘விலை கொடுத்து வாங்கியதாயிற்றே’ என்பது அடுத்த தடை. அந்தப் பணம் வாங்கிய அன்றே செலவாகிவிட்டது. பயன்படாத உடற்பயிற்சிக் கருவியை இன்னும் பத்து ஆண்டு வைத்திருந்தாலும் அது திரும்பாது, விற்றால் ஒரு பகுதியாவது திரும்பும்.

‘கொடுத்த மறுநாளே தேவைப்படும்’ என்ற அச்சத்தை வாதத்தால் போக்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பொருளைக் கொடுக்கும்போது எவ்வளவு வருத்தம் வரும் என்று நினைக்கிறீர்களோ அதைப் பத்துக்கு ஒரு மதிப்பெண்ணாக எழுதுங்கள். ஒரு மணி நேரம், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மறுபடியும் எழுதுங்கள். எட்டு என்று எழுதியது ஒரு வாரத்தில் இரண்டாக இறங்குவதைத் தம் கையெழுத்திலேயே பார்ப்பவருக்கு அடுத்த பொருள் அவ்வளவு கடினமாக இராது. எப்போதாவது ஒன்று உண்மையிலேயே தேவைப்படும், வாங்கவோ இரவல் பெறவோ நேரும். அந்தச் செலவையும் அதே தாளில் எழுதி வையுங்கள். ஓராண்டின் கூட்டுத்தொகை எவ்வளவு சிறியது என்பது தெரியும்.

மருத்துவ உதவி தேவைப்படும்போது

பொருளின் மதிப்பு எதுவானாலும் அதைப் பிரிய முடியாமை, பிரியும்போது கடும் துயரம், புழங்கும் இடங்களே பயன்படாமல் போகும் அளவுக்குக் குவிதல் ஆகிய மூன்றும் நீடித்தால் அது ஒரு மனநலக் கோளாறு. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனிக் கோளாறாகப் பட்டியலிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் இது இடம்பெற்றுள்ளது. பெரும்பாலும் பதின்ம வயதில் மெல்லத் தொடங்கி வயது ஏற ஏறக் கடுமையாகிறது. மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருப்பதுண்டு. சோம்பலோ கஞ்சத்தனமோ என்று திட்டுவது எந்தப் பயனும் தராது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுவழிச் சிகிச்சை இதற்குப் பயனளிக்கிறது. அது நிதானமான சிகிச்சை; வீட்டுக்கே வந்து பொருளைப் பிரிக்கப் பழக்குவதும் அதில் ஒரு பகுதி. சிகிச்சையின்றி வலுக்கட்டாயமாக வீட்டைக் காலி செய்தால் பெரும்பாலும் மீண்டும் நிறைந்துவிடும்.

அறுபது வயது வரை ஒழுங்காக இருந்த ஒருவர் திடீரெனக் குப்பையைச் சேர்க்கத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம்; நினைவாற்றல் குறைபாட்டு நோய்களின் தொடக்க அறிகுறியாகவும் அது இருக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் நேரில் அணுகக்கூடியவை.

குறைத்த பிறகு

நம் ஆண்டுச் சுழற்சியிலேயே இதற்கான நாள்கள் அமைந்திருக்கின்றன. ஆயுத பூஜையை ஒட்டிப் புத்தகங்களும் கருவிகளும் மின்சாதனங்களும், மார்கழியின் கடைசி நாளான போகியை ஒட்டித் துணியும் பாயும் பரணும் என்று வைத்துக்கொள்ளலாம். போகி அன்று அதிகாலையில் எல்லாவற்றையும் தீயில் போடுவதைவிட, டிசம்பர் நடுவிலேயே தொடங்கி, கொடுக்க வேண்டியவற்றைப் பொங்கலுக்கு முன் கொடுத்துவிட்டால் வாங்குபவருக்கும் பண்டிகைக்குப் பயன்படும். பிளாஸ்டிக், டயர், ரப்பர், செயற்கை இழைத் துணி எதையும் கொளுத்தவே கூடாது. தீபாவளி முதல் பொங்கல் வரையிலான மாதங்களில் வீட்டுக்குள் வரவு கூடும் என்பதால், தை மாதத்தில் மட்டும் பதினைந்து நிமிடத்தை அரை மணி நேரமாக்கிக்கொள்ளுங்கள். மாசி பிறக்கும்போது பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம்.